படிக்கட்டில் ஒரு பச்சைக் கோடு

இன்னைக்கு ஒரே ஒரு வார்த்தையில இருந்து ஆரம்பிக்கலாம். ரேடியம்.

பைக் வாங்கின புதுசுல ஸ்டிக்கர் கடைக்குப் போய், "அண்ணா, பின்னாடி ரேடியம் ஒட்டணும்"னு சொல்லியிருப்பீங்க. வேளாங்கண்ணி போயிட்டு வந்தவங்க வாங்கிட்டு வர்ற சின்ன மாதா சிலை, லைட்டை அணைச்சா வெளிர் பச்சையா மின்னும். அதையும் "ரேடியம் சிலை"ன்னுதான் சொல்லுவோம். சின்ன வயசுல ரூம் சீலிங்ல ஒட்டின நட்சத்திரம்? அதுவும் ரேடியம்தான், நம்ம பேச்சுல.

உண்மையில இது எதுலயுமே ரேடியம் கிடையாது. பைக் ஸ்டிக்கர் தானா ஒளிராது. பின்னாடி வர்ற வண்டியோட ஹெட்லைட்டைத் திருப்பி அனுப்புது, அவ்வளவுதான். மாதா சிலை வேற வகை. அது பகல் வெளிச்சத்தையோ டியூப்லைட் வெளிச்சத்தையோ வாங்கி வெச்சுக்கிட்டு, இருட்டுல கொஞ்சம் கொஞ்சமா திருப்பித் தருது. நிஜ ரேடியம் மூணாவது வகை. அதுக்கு யாரும் வெளிச்சம் காட்ட வேண்டாம், தானே ஒளிர வைக்கும். ஆளையும் கொல்லும்.

இந்த எபிசோட் அந்த ரெண்டாவது வகையைப் பற்றியது. வெளிச்சத்தைக் கடன் வாங்கித் திருப்பித் தரும் பெயிண்ட். உயரமான கட்டடங்களின் அவசரப் படிக்கட்டில், ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வெளிர் மஞ்சளாக ஒரு பட்டை ஓடுவதைப் பார்த்திருக்கலாம். கரண்ட் போனால் அது பச்சையாக மின்னும். அந்தக் கோடு படிக்கட்டுக்கு எப்படி வந்தது என்பதுதான் இன்றைய கதை. கடைசியில், அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி அடிப்பது என்றும் பார்ப்போம். ஏன்னா அந்தப் பெயிண்டைத் தப்பா அடிச்சா, அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

செருப்பு தைப்பவர் கண்டெடுத்த கல்

1600-களின் தொடக்கம். இத்தாலியின் பொலோன்யா நகரம். வின்சென்ஸோ காஷ்யரோலோ என்ற ஒரு செருப்புத் தொழிலாளி. பகலில் தோல் வேலை, ஓய்வு நேரத்தில் ரசவாதம். சாதாரண உலோகத்தைத் தங்கமாக்க முடியுமா என்று பார்ப்பதுதான் அந்தக் காலத்து ரசவாதிகளின் கனவு.

நகரத்துக்குப் பக்கத்தில் பதெர்னோ என்ற குன்றில், வழக்கத்தை விடக் கனமான ஒரு கல் கிடைத்தது. இவ்வளவு கனமாக இருந்தால் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும் இல்லையா? கரியோடு சேர்த்து உலையில் போட்டுச் சுட்டார். தங்கம் வரவில்லை. ஆனால் வெயிலில் வைத்து எடுத்த கல் இருட்டில் தணல் போல மின்னியது. அது பேரியம் சல்ஃபேட் என்ற தாது. கரியோடு சுடும்போது பேரியம் சல்ஃபைடாக மாறுகிறது என்பது நமக்கு இப்போது தெரியும். அன்றைக்கு அது பெரிய அதிசயம். வெயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும் கல் என்றார்கள். கலிலியோ வரைக்கும் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

அதிசயம்தான், ஆனால் உபயோகம் இல்லை. சீக்கிரமே மங்கிவிடும். ஈரம் பட்டால் கெட்டுவிடும். 19-ஆம் நூற்றாண்டில் இதே வழியில் கால்சியம் சல்ஃபைடை வைத்து ஒளிரும் பெயிண்ட் வந்தது. அதற்குப் பின் துத்தநாக சல்ஃபைடு. எல்லாவற்றுக்கும் ஒரே குறை: வாங்கிய வெளிச்சத்தைச் சீக்கிரம் செலவழித்துவிடும்.

உதட்டில் வைத்த பிரஷ்

இந்தக் குறைக்குத் தீர்வு மாதிரி வந்ததுதான் ரேடியம். 1898-ல் மேரி க்யூரியும் பியர் க்யூரியும் கண்டுபிடித்த தனிமம். அதிலிருந்து ஓயாமல் கதிர்வீச்சு வந்துகொண்டே இருக்கும். அதைத் துளியளவு எடுத்துத் துத்தநாக சல்ஃபைடோடு கலந்தால், அந்தக் கதிர்கள் மோத மோத சல்ஃபைடு மின்னும். வெயில் வேண்டாம், விளக்கு வேண்டாம். முதல் உலகப் போர் சமயத்தில் சிப்பாய்களின் கைக்கடிகாரத்துக்கும் விமானத்தின் மீட்டர்களுக்கும் இதைவிட வசதியான பெயிண்ட் இல்லை.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆரஞ்ச் என்ற ஊர். அங்கே ஒரு தொழிற்சாலையில் கடிகார முகப்பில் எண்களை எழுதும் வேலைக்கு இளம்பெண்களை எடுத்தார்கள். பலர் டீன்ஏஜ் தாண்டாதவர்கள். மெல்லிய எண்களை எழுதக் கூர்மையான பிரஷ் வேண்டும். பிரஷை உதட்டில் வைத்து முனையைக் கூராக்கு, பெயிண்டில் தோய், எழுது. இப்படித்தான் வேலை கற்றுக்கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ரேடியம் வாய்க்குள் போனது. ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார்கள்.

உடம்பு ரேடியத்தைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்து வைக்கும். பற்கள் விழுந்தன, தாடை எலும்பு அரித்தது, ரத்தசோகை வந்தது. 1927-ல் கிரேஸ் ஃப்ரையர் என்ற பெண்ணும் இன்னும் நான்கு பேரும் வழக்குப் போட்டார்கள். 1928-ல் சமரசம்: ஆளுக்கு 10,000 டாலர், ஆண்டுக்கு 600 டாலர், மருத்துவச் செலவு. அந்த ஆண்டுத் தொகையை ரொம்ப நாள் வாங்க அவர்களில் பலர் உயிரோடு இருக்கவில்லை. ஆனால் அந்த வழக்குதான் தொழிற்சாலைகளில் தொழிலாளர் பாதுகாப்பு பற்றிய பேச்சையே மாற்றியது.

ரேடியம் பெயிண்ட் போய்விட்டது. பெயர் மட்டும் நம் ஊர் ஸ்டிக்கர் கடை போர்டில் தங்கிவிட்டது. அடுத்த தடவை அந்த போர்டைப் பார்க்கும்போது அந்தப் பெண்களை ஒரு நொடி நினைச்சுக்கோங்க.

சுவரே விளக்காகும் அறை

கடிகாரத்தில் இருந்த ஒளிரும் பெயிண்ட் கட்டடத்துக்குள் வந்தது இரண்டாம் உலகப் போரில்.

பெர்லினில் கெசுண்ட்ப்ருன்னன் என்ற சுரங்க ரயில் நிலையம். அதன் உள்ளே விமானத் தாக்குதலின்போது மக்கள் ஒதுங்க பங்கர் அறைகள் கட்டியிருந்தார்கள். குண்டு விழுந்தால் முதலில் போவது கரண்ட். நூற்றுக்கணக்கானவர்கள் அடைந்திருக்கும் நிலவறையில் முழு இருட்டு வந்தால், வெளியே விழும் குண்டைவிட உள்ளே வரும் நெரிசலே ஆபத்து. அதனால் சில அறைகளில் சுவருக்கு ஒளிரும் பெயிண்ட் அடித்தார்கள். விளக்கு எரியும் வரை சுவர் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும். அணைந்ததும் சுவரே மங்கலாக மின்னும்.

அந்த அறைகள் இன்று மியூசியம். வழிகாட்டி விளக்கை அணைத்தால் சுவர் இப்போதும் மின்னுகிறது. அந்தப் பெயிண்டுக்கு எண்பது வயசு!

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. கரண்ட் போகும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்து, கரண்ட்டே தேவைப்படாத ஒன்றைச் சுவரில் வைத்தார்கள். போர் முடிந்ததும் பெரும்பாலான கட்டடங்கள் இந்தப் பாடத்தை மறந்துவிட்டன. அவசர விளக்கு என்றால் பேட்டரி, ஜெனரேட்டர் என்றே யோசித்தார்கள். வழிகாட்டும் பலகையைக் கதவுக்கு மேலே உயரத்தில் மாட்டினார்கள்.

அதில்தான் சிக்கல். புகை மேலே போகும். தீ பிடித்த சில நிமிடங்களில் கூரையிலிருந்து கீழ்நோக்கிப் புகை நிரம்பும். முதலில் மறைவது அந்த எக்ஸிட் போர்டு. மூச்சுக்காகத் தரையோடு தவழும் ஆளுக்கு அந்த போர்டு எதற்கு?

இதை உலகம் கற்றுக்கொண்டது இரண்டு விபத்துகளில். முதலாவது, 1983 ஜூன் 2. ஏர் கனடா விமானம் ஒன்றின் பின்பக்கக் கழிப்பறை அருகே, பறந்துகொண்டிருக்கும்போதே தீ. விமானி அமெரிக்காவின் சின்சினாட்டியில் பத்திரமாகத் தரையிறக்கிவிட்டார், கதவுகளும் திறந்தன. ஆனாலும் உள்ளே இருந்த 46 பேரில் 23 பேர் வெளியே வரவில்லை. புகையில் கதவு தெரியவில்லை. அதற்கு அடுத்த ஆண்டே, விமானத்தின் தரை ஓரமாக வழிகாட்டும் விளக்கு வேண்டும் என்று அமெரிக்காவில் விதி வந்தது. விமானத்தில் பணிப்பெண் கையை நீட்டித் தரையைக் காட்டுவாங்களே, அந்த விளக்குதான்.

இரண்டாவது, 1990 ஏப்ரல் 7. நார்வேயின் ஓஸ்லோவிலிருந்து டென்மார்க் போன 'ஸ்காண்டிநேவியன் ஸ்டார்' என்ற பயணிகள் கப்பல். நள்ளிரவில் தீ. 159 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்களைக் கொன்றது நெருப்பு இல்லை, நச்சுப் புகை. ஒரே மாதிரி இருக்கும் குறுகலான தாழ்வாரங்கள், புகை, எந்தப் பக்கம் படிக்கட்டு என்று தெரியாத குழப்பம்.

1993

இப்போ நம்ம கதையோட நடு இடத்துக்கு வந்துட்டோம். ஒரே வருஷம், மூணு ஊர்.

முதல் ஊர் நியூயார்க். பிப்ரவரி 26, வெள்ளிக்கிழமை, மதியம் 12 மணி தாண்டி சில நிமிடங்கள். உலக வர்த்தக மையத்தின் பேஸ்மென்ட் பார்க்கிங்கில், வேனில் வைத்திருந்த குண்டு வெடித்தது. 6 பேர் இறந்தார்கள். 1000-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள்.

குண்டு வெடித்தது தரைக்குக் கீழே. ஆனால் 110 மாடிக் கோபுரம் இரண்டும் பாதிக்கப்பட்டன. ஏன்? கட்டடத்தின் உயிர்நாடி அத்தனையும் பேஸ்மென்ட்டில்தான் இருந்தது. மெயின் கரண்ட் போனது. அவசர ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. ஆனால் அவற்றைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய்கள் உடைந்துபோனதால், சூடேறி நின்றுவிட்டன. லிஃப்ட்கள் பாதியில் நின்றன. சுற்றுலா வந்த கிண்டர்கார்டன் பிள்ளைகள் ஒரு லிஃப்ட்டில் மணிக்கணக்காக மாட்டிக்கொண்டார்கள். லிஃப்ட் குழிகளும் படிக்கட்டுகளும் புகைபோக்கி மாதிரி வேலை செய்து, 90-ஆவது மாடி தாண்டியும் புகையைக் கொண்டுபோயின.

அந்தப் படிக்கட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கினார்கள். ஜன்னல் கிடையாது. விளக்கு கிடையாது. முன்னால் போகிறவரின் தோளில் கை வைத்து, அடுத்த படி எங்கே இருக்கிறது என்று காலால் துழாவித் துழாவி. கடைசி ஆள் வெளியே வர நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்தக் கோபுரங்களின் படிக்கட்டு மேலிருந்து கீழே ஒரே நேராக இறங்காது. சில மாடிகளில் படிக்கட்டு நின்றுவிடும். ஒரு தாழ்வாரம் வழியாகப் பக்கவாட்டில் நடந்துபோய் அடுத்த படிக்கட்டைப் பிடிக்க வேண்டும். வெளிச்சத்திலேயே குழப்பும் அமைப்பு. கும்மிருட்டில்?

இரண்டாவது ஊர் டோக்கியோ. அங்கே நெமோட்டோ என்ற நிறுவனம். 1941-ல் ராணுவக் கருவிகளுக்கு ஒளிரும் பெயிண்ட் செய்யத் தொடங்கி, போருக்குப் பின் கடிகாரத்துக்கு மாறியவர்கள். கதிரியக்கம் கலந்த பெயிண்டுக்கு எதிர்ப்பு கூடிக்கொண்டே வந்ததால், கதிரியக்கமே இல்லாமல் இரவு முழுக்க மின்னும் பொருளைத் தேடினார்கள். 1993-ல் யசுமிட்சு ஆவோகியின் குழு கண்டுபிடித்தது. ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் என்ற பொருளில் யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்ற இரண்டு அருமண் தனிமங்களைத் துளி சேர்த்தார்கள். பழைய துத்தநாக சல்ஃபைடைவிடப் பத்து மடங்கு பிரகாசம், பத்து மடங்கு நேரம்.

எப்படின்னு எளிமையா சொல்றேன். வெளிச்சம் பட்டதும் பொருளுக்குள்ள இருக்கற எலக்ட்ரான்கள் மேலே துள்ளும். சாதாரணமா உடனே கீழே விழுந்து, விழும்போது ஒளி தரும். இங்க நடுவுல நிறைய குழிகள் இருக்கு. எலக்ட்ரான் குழியில மாட்டிக்கும். அறையோட சூடே அதை மெதுவா உசுப்பி உசுப்பி வெளியே எடுக்கும். அதனால ஒளி ஒரேயடியா வராம, மணிக்கணக்கா சொட்டு சொட்டா வரும். அது பச்சை நிறமா இருப்பதும் நம்ம அதிர்ஷ்டம். இருட்டுக்குப் பழகின கண்ணுக்கு நன்றாகத் தெரியும் நிறம் பச்சையை ஒட்டித்தான் இருக்கிறது.

மூன்றாவது ஊர் லண்டன். அங்கேதான் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் தலைமையகம். ஸ்காண்டிநேவியன் ஸ்டார் விபத்துக்குப் பிறகு, பயணிகள் கப்பலில் வழிகாட்டும் ஒளி தரையை ஒட்டி இருக்க வேண்டும் என்று முடிவானது. அது எப்படி இருக்க வேண்டும், எவ்வளவு மின்ன வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும் என்ற நெறிமுறைகளை 1993 நவம்பரில் அந்த அமைப்பு ஏற்றது. கரண்ட்டில் எரியும் விளக்கு மட்டுமல்ல, ஒளிரும் பட்டையும் செல்லும் என்று அதில் இடம் கொடுத்தார்கள்.

தேவை, பொருள், விதி. மூன்றும் ஒரே வருஷத்தில் தனித்தனியாகப் பிறந்தன.

எட்டரை ஆண்டுகள் கழித்து

1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு, கோபுரங்களின் உரிமையாளரான துறைமுக ஆணையம் பாதுகாப்புக்காக 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. படிக்கட்டு விளக்குகளுக்குத் தனி பேட்டரி வைத்தார்கள். சில கருவிகளுக்கு இரண்டாவது கரண்ட் வழி கொடுத்தார்கள். தீ ஒத்திகைகளை முறையாக நடத்தினார்கள். இவற்றோடு, படிகளிலும் கைப்பிடியிலும் அந்தக் குழப்பமான தாழ்வாரங்களிலும் ஒளிரும் பெயிண்ட் கோடுகளைப் போட்டார்கள். மொத்தச் செலவில் அந்தப் பெயிண்ட் மிகச் சிறிய பங்குதான்.

2001 செப்டம்பர் 11. காலை 8:46-க்கு வடக்குக் கோபுரத்தில் முதல் விமானம். 9:03-க்குத் தெற்குக் கோபுரத்தில் இரண்டாவது. 9:59-க்குத் தெற்குக் கோபுரமும் 10:28-க்கு வடக்குக் கோபுரமும் விழுந்தன. முதல் மோதலிலிருந்து கடைசிச் சரிவு வரை 102 நிமிடங்கள்.

அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் பின்னால் நடத்திய நீண்ட விசாரணையின்படி, தாக்குதல் தொடங்கியபோது இரண்டு கோபுரங்களிலும் சுமார் 17,400 பேர் இருந்தார்கள். விமானம் மோதிய மாடிகளுக்குக் கீழே இருந்தவர்களில் ஏறக்குறைய 99 சதவீதம் பேர் உயிரோடு வெளியே வந்தார்கள்.

இதைக் கேட்டதும், "ஆஹா, பெயிண்ட் காப்பாத்திடுச்சு"ன்னு சொல்லத் தோணும். வரலாறு அவ்வளவு சுலபமில்லை. அன்று காலை பலர் இன்னும் வேலைக்கு வந்து சேரவில்லை. கோபுரம் நிரம்பியிருந்தால் அந்தப் படிக்கட்டுகள் தாங்கியிருக்காது. பல இடங்களில் விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. தப்பியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் தீ ஒத்திகையில் கலந்துகொண்டவர்கள். கொஞ்சம் பேர் 1993-ல் அதே படிக்கட்டில் இருட்டில் இறங்கியவர்கள்.

ஆனால் இன்னொரு எண்ணையும் பாருங்க. தப்பியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், அன்றைக்கு முன்னால் அந்தக் கட்டடத்தின் படிக்கட்டில் ஒரு தடவைகூட இறங்கியதே இல்லை. தினமும் வரும் அலுவலகம், ஆனால் லிஃப்ட்டைத் தவிர வேறு வழி தெரியாது. நம்மில் எத்தனை பேர் அப்படித்தான்? புகையும், உடைந்த குழாயிலிருந்து கொட்டும் தண்ணீருமாக இருந்த படிக்கட்டில், வழியே தெரியாத அந்த ஆட்களுக்கு அடுத்த படி எங்கே, திருப்பம் எங்கே, கதவு எங்கே என்று காட்டியவற்றில் அந்தக் கோடுகளும் ஒன்று. தப்பியவர்கள் பலர் அதைப் பின்னால் சொல்லியிருக்கிறார்கள்.

கோட்டால் முடியாததும் ஒன்று இருக்கிறது. தெற்குக் கோபுரத்தில் விமானம் மோதிய பிறகும், மூன்று படிக்கட்டுகளில் ஒன்று கொஞ்ச நேரம் இறங்கக்கூடிய நிலையில் இருந்தது. மோதிய மாடிகளிலும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 18 பேர் மட்டும் அந்த வழியாகத் தப்பினார்கள். மற்றவர்களுக்கு அது திறந்திருப்பதே தெரியாது. பெயிண்ட் வழியைக் காட்டும். எந்த வழி உயிரோடு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல ஆள் வேண்டும், ஒலிபெருக்கி வேண்டும், பயிற்சி வேண்டும்.

சட்டமான கோடு

2004-ல் நியூயார்க் நகரம் உள்ளூர்ச் சட்டம் 26-ஐக் கொண்டு வந்தது. 75 அடிக்கு மேல், அதாவது ஏறக்குறைய 23 மீட்டருக்கு மேல் உயரமான அலுவலகக் கட்டடங்கள் எல்லாம், ஏற்கனவே கட்டி முடித்தவை உட்பட, 2006 ஜூலை 1-க்குள் படிக்கட்டுகளில் ஒளிரும் கோடு போட வேண்டும். 2009-ல் வெளியான சர்வதேசக் கட்டட விதித் தொகுப்பிலும் உயரமான கட்டடங்களுக்கு இதே மாதிரி விதி சேர்ந்தது. பொலோன்யா கல் கிடைத்து நானூறு ஆண்டு கழித்து, அது ஒரு கட்டாயம் ஆனது.

அந்த விதிகளுக்குள்ளேதான் நமக்குத் தேவையான கைவேலைப் பாடமும் இருக்கிறது. வாங்க, ஒரு படிக்கட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறோம்னு வெச்சுக்கோங்க.

முதலில், எந்தப் பெயிண்ட்? டப்பாவில் "இருட்டில் ஒளிரும்" என்று இருந்தால் போதாது. விலை குறைந்த பெயிண்டில் இன்னமும் துத்தநாக சல்ஃபைடு இருக்கலாம். அது பொம்மைக்குப் போதும், உயிருக்குப் போதாது. ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்தானா என்று கேட்க வேண்டும். அடுத்து எண்களைக் கேட்க வேண்டும். நியூயார்க் விதி கேட்பது இதுதான்: விளக்கை அணைத்து 10 நிமிடம் கழித்து ஒரு சதுர மீட்டருக்கு 30 மில்லிகேண்டிலா, 90 நிமிடம் கழித்தும் குறைந்தது 5 மில்லிகேண்டிலா. அணைத்த உடனே பளிச்சென்று தெரிவது கடைக்காரர் காட்டும் வித்தை. ஒன்றரை மணி நேரம் கழித்து என்ன மிச்சம் என்பதுதான் கேள்வி.

இரண்டாவது, ஈரம். ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும். அதனால் துகள்களுக்கு மேல் பாதுகாப்பு உறை போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எபாக்ஸி மாதிரி, தண்ணீர் சேராத பெயிண்டில் கலந்திருக்க வேண்டும். தினமும் துடைப்பம் போட்டுக் கழுவும் படிக்கட்டு என்றால் இதைப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

மூன்றாவது, அடிக்கும் விதம். முதலில் தளத்தைச் சுத்தம் செய்து, வெள்ளை நிற அடிப்பூச்சு. இது முக்கியம். ஒளிரும் துகள் எல்லாப் பக்கமும் ஒளி விடும். கீழே சிமெண்ட் கலரோ கறுப்போ இருந்தால் பாதி ஒளியை அதுவே விழுங்கிவிடும். வெள்ளை அதைத் திருப்பி அனுப்பும். துகள் கனமானது, டப்பாவின் அடியில் தங்கும். அடிக்கும்போது கிளறிக்கொண்டே இருக்கணும். இல்லன்னா முதல் பத்து படிக்கு வெறும் பசைதான் போகும். ஒரு கோட் மெல்லிசாக அடித்துவிட்டு முடிந்தது என்று சொல்லக் கூடாது, கனமாக ஏற வேண்டும். கடைசியில் தேய்மானத்தைத் தாங்க, ஒளி ஊடுருவும் மேல்பூச்சு. வழுக்காததாக இருக்க வேண்டும்.

நான்காவது, எங்கே? சுவர் முழுக்க வேண்டாம். ஒவ்வொரு படியின் முன்விளிம்பிலும் ஒன்று முதல் இரண்டு அங்குலப் பட்டை, ஒரு படியைக்கூட விடாமல். கைப்பிடியில் கோடு. படிக்கட்டு திரும்பும் மேடையின் ஓரத்தில் கோடு. வெளியேறும் கதவின் சட்டத்திலும் கைப்பிடியிலும். வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய், தூண் இருந்தால் அதன்மேல் சாய்கோடு. எங்கும் போகாத கதவில் மட்டும் போடவே கூடாது. இருட்டில் மின்னும் கதவை மக்கள் நம்புவார்கள்.

ஐந்தாவது, எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான்: வெளிச்சம். இந்தப் பெயிண்ட் கொடுத்ததைத்தான் திருப்பித் தரும். அமெரிக்க விதிகள் படிக்கட்டில் குறைந்தபட்ச வெளிச்ச அளவைச் சொல்வதோடு, ஆட்கள் உள்ளே வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விளக்கு எரிய வேண்டும் என்றும் சொல்வது அதனால்தான். கரண்ட் மிச்சம் பிடிக்க, ஆள் நடந்தால் மட்டும் எரியும் சென்சார் லைட் போட்டிருந்தால்? யாரும் நடக்காத அவசரப் படிக்கட்டு நாள் முழுக்க இருட்டில் கிடக்கும். பெயிண்ட் பட்டினி. விபத்து நேரத்தில் தருவதற்கு அதனிடம் ஒன்றும் இருக்காது. விளக்கின் நிறமும் முக்கியம்: மஞ்சள் வெளிச்சத்தைவிட, நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம்தான் இதை நன்றாக நிரப்பும்.

கடைசியாக, சோதனை. எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும் வரை நின்று, ஒரு மாடி இறங்கிப் பாருங்கள். படியின் விளிம்பு தெரியுதா? திருப்பம் தெரியுதா? கதவு தெரியுதா? அழுக்கு ஏறியிருந்தால் துடைக்க வேண்டும். பெயிண்டர் வந்து படிக்கட்டுக்குப் புதுசாகக் கறுப்பு எனாமல் அடித்துவிட்டுப் போயிருந்தால், திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மாடியில இருந்து கேக்கறீங்களா?

இதுவரைக்கும் பார்த்த கதையில ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருது. பெர்லின் பங்கரில் கரண்ட் போகும் என்று முன்னாலேயே ஒத்துக்கொண்டார்கள். 1993-ன் நியூயார்க்கில் ஜெனரேட்டர் இருக்கிறது, கவலையில்லை என்று நம்பினார்கள். நான்கு மணி நேர இருட்டு அந்த நம்பிக்கைக்கு விலை. 2001-ல் அந்த விலையில் வாங்கிய பாடம் ஆயிரக்கணக்கான கால்களுக்கு அடியில் மின்னியது.

இந்தப் பெயிண்டின் வேலை மிகச் சின்னது. அது தீயை அணைக்காது, புகையை நிறுத்தாது, பூட்டிய கதவைத் திறக்காது. படிக்கட்டில் யாரோ வைத்த பழைய ஷூ ரேக்கையும் உடைந்த நாற்காலியையும் நகர்த்தாது. நல்ல நாளில் நாம் அந்தப் படிக்கட்டை எப்படி வைத்திருந்தோமோ, கெட்ட நாளில் அதையே நமக்குக் காட்டும்.

நீங்க இப்ப இதை ஆபீஸ்லயோ அபார்ட்மென்ட்லயோ பத்தாவது மாடியில உட்கார்ந்து கேட்டுட்டு இருக்கலாம். இன்னைக்கு ஒரு நாள் லிஃப்ட்டை விட்டுட்டு, அவசரப் படிக்கட்டுல இறங்கிப் பாருங்க. கோடு இருக்கா, விளக்கு எரியுதா, கீழே போனா கதவு திறக்குதா, அது எங்க கொண்டுபோய் விடுதுன்னு பாருங்க. அன்றைக்கு நியூயார்க்கில் பாதிப் பேருக்குத் தெரியாமல் இருந்த விஷயம் அதுதான். உங்களுக்குத் தெரிஞ்சுக்க பத்து நிமிஷம் போதும்.

இறங்கிட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.